டெல்ஃபியில் கொல்லப்பட்ட அக்கிலீஸ் மகன்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கிரேக்கப் புராணக் கொலை, சாட்சிகள் பழைய பாட்டுகளும் நாடகங்களும் குறிப்புகளும். கொலை நடந்த இடத்தைப் பற்றிச் சாட்சிகளுக்குள் சண்டை இல்லை: குறி சொல்லும் தலமான டெல்ஃபி, அப்பல்லோ கோவில். இறந்தவன் நியோப்டோலெமஸ், டிராய்ப் போர் வீரன் அக்கிலீஸின் மகன். பிர்ரஸ் என்றும் அவனுக்குப் பெயர் உண்டு. ஆயுதம் கத்தி அல்லது வாள். இதற்கு மேல் ஒன்றிலும் ஒற்றுமை கிடையாது. கொன்றது அப்பல்லோவே என்கிறது ஒரு பாட்டு. பெயர் தெரியாத யாரோ ஒருவன் என்கிறது அதே கவிஞரின் இன்னொரு பாட்டு. மக்கைரியஸ் என்று பெயரோடு சொல்பவர்கள் உண்டு, மன்னன் அகமெம்னனின் மகன் ஓரெஸ்டெஸ் என்பவர்களும் உண்டு. அவன் ஏன் அங்கே போனான் என்று கேட்டால் கோவிலைக் கொள்ளையடிக்க, மன்னிப்புக் கேட்க, போர்க்கொள்ளையில் முதற்பங்கைக் காணிக்கையாகச் செலுத்த என்று ஒன்றோடொன்று ஒட்டாத பதில்கள் வருகின்றன.

பெரும்பாலும் இந்த வழக்கைக் காரணத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. சாட்சிக்குச் சாட்சி மாறுவது காரணம். மாறாமல் நிற்பவை பலிபீடம், இறைச்சி, கத்தி, கல்லறை ஆகிய நான்கும்தான். டெல்ஃபியில் ஒரு கல்லறை இருந்தது, அதற்குப் பலி கொடுத்தார்கள். அதை விளக்கத்தான் கதை வளர்ந்தது, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் காரணமும் மாறியது என்பதே இந்த ஆய்வின் முடிவு. இனி சாட்சிகளைப் பார்க்கலாம்.

இறந்தவனின் வயது

அக்கிலீஸைப் போருக்கு அனுப்ப விரும்பாமல் ஸ்கைரோஸ் தீவில் மன்னர் லைகோமெடிஸ் வீட்டில் பெண் வேடத்தில் மறைத்து வைத்தார்கள். அங்கே மன்னர் மகள் தெய்தமியாவுக்கும் அவனுக்கும் பிறந்தவன் நியோப்டோலெமஸ். பரவலாக அறிந்த கதை இதுதான். இதை அப்படியே கணக்குப் போட்டால் இடிக்கிறது. போர் பத்து ஆண்டு. பத்தாம் ஆண்டில் களத்துக்கு வந்து டிராயின் கூட்டாளி யூரிபிலஸைக் கொன்றவனுக்கு வயது பத்து என்றாகிவிடும்.

பழையவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தேதான் இருந்தது. கிரேக்கப் படை முதல்முறை புறப்பட்டபோது வழிதவறி மீசியாவில் இறங்கியது, புயலில் சிதறி வீடு திரும்பியது, மறுபடி திரள எட்டு ஆண்டு ஆயிற்று என்று அப்பல்லோடோரஸ் பெயரில் உள்ள புராணத் தொகுப்பு கணக்குச் சொல்கிறது. ‘இலியட்’ 24ஆம் காண்டத்தில் ஹெலன், தான் வீட்டை விட்டு வந்து இது இருபதாவது ஆண்டு என்று புலம்புவதும் அதோடு ஒத்துப்போகிறது. அந்த எட்டையும் சேர்த்தால் பையனுக்குப் பதினெட்டு. அக்கிலீஸ் ஸ்கைரோஸுக்கு வந்ததே மீசியாவிலிருந்து திரும்பும் வழியில் புயல் தள்ளியதால்தான் என்று பழைய காவிய வட்டம் (டிராய்ப் போரைப் பாடிய, ஹோமருடையவை அல்லாத காவியங்கள்) சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஓரிரு வயது குறையும், அவ்வளவுதான். நாடகத்திலோ ஓவியத்திலோ அவன் இளந்தாடியோடு வருவதில் குற்றம் காண வேண்டியதில்லை.

ஹோமரின் மௌனம்

‘ஒடிசி’ 11ஆம் காண்டத்தில் ஒடிசியஸ் இறந்தோர் உலகில் அக்கிலீஸின் ஆவியைச் சந்தித்து மகனைப் பற்றிச் சொல்கிறான். ஸ்கைரோஸிலிருந்து அவனைக் கப்பலில் அழைத்து வந்தது நான்தான். ஆலோசனைச் சபையில் நெஸ்டரையும் என்னையும் தவிர யாரும் அவனை விஞ்சவில்லை. மரக்குதிரைக்குள் மற்ற தலைவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நடுங்கியபோது அவன் முகம் வெளுக்கவில்லை, வாள்பிடியைத் தடவியபடி வெளியே விடச் சொல்லிக் கெஞ்சினான். காயம் ஒன்றும் படாமல் தன் பங்கோடு கப்பலேறினான். கேட்ட அக்கிலீஸ் மகிழ்ந்து அகல நடை போட்டுப் போகிறான்.

இந்த நற்சான்றிதழில் இரண்டு பெயர்கள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று பிரியாம், மற்றது அஸ்தியானக்ஸ். டிராயின் கிழட்டு மன்னனையும் ஹெக்டரின் கைக்குழந்தையையும் பற்றி ஒடிசியஸ் வாயே திறப்பதில்லை. செத்துப்போன தகப்பனிடம் பேசும்போது எதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வழக்குக்கு அதைவிட முக்கியமானது 4ஆம் காண்டத்தின் தொடக்கம். ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் ஸ்பார்ட்டாவுக்கு வந்து சேரும் நாளில் அந்நாட்டு மன்னர் மெனெலாஸ் தன் மகள் ஹெர்மியோனியை அக்கிலீஸின் மகனுக்கு மணமுடித்து அக்கிலீஸின் மக்களான மிர்மிடோன்களின் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அது போர் முடிந்த பத்தாம் ஆண்டு. ஆக ‘ஒடிசி’யின் கணக்கில் அவன் உயிரோடு, மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறான். தகப்பன் கொலைக்குப் பழிவாங்கியவன் என்று ஓரெஸ்டெஸை அந்தக் காவியம் திரும்பத் திரும்பப் புகழ்கிறது. ஆனால் இருவருக்கும் இடையே பகை என்று ஒரு வரிகூட இல்லை. ஓரெஸ்டெஸ் மீதான குற்றச்சாட்டு பிற்காலத்தது என்று ஐயப்பட இதுவே முதல் காரணம்.

டெல்ஃபியில் பலி நடக்கும் முறை

குறி கேட்க வருபவர் நேரே உள்ளே போய்விட முடியாது. முதலில் பெலனோஸ் என்ற அப்பக் காணிக்கை. பிற்காலத்தில் அது காசாகவே வசூலிக்கப்பட்டது. வெளிப் பலிபீடம் வரை செல்ல அது போதும். கோவிலுக்குள் போவதற்கு ஆடு வெட்டியாக வேண்டும். வெளியூர்க்காரர் தமக்காக உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவரையும் வைத்துக்கொள்ள வேண்டும். பலி முடிந்ததும் இறைச்சி பங்கிடப்படும். தகராறு அங்கேதான்.

டெல்ஃபிக்காரர்கள் பலி இறைச்சியில் கை வைப்பது கிரேக்க உலகம் முழுக்கப் பேசிச் சிரித்த விஷயம். ஹோமர் பெயரில் வழங்கும் அப்பல்லோ துதியிலேயே, தன் முதல் பூசாரிகளாக வந்த கிரீட் தீவினரிடம் ‘நிலத்தில் விளைச்சல் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், ஆளுக்கொரு கத்தியை வலக்கையில் பிடித்து ஆடு வெட்டிக்கொண்டே இருங்கள், வருகிறவர்கள் கொண்டுவருவார்கள்’ என்ற பொருளில் அப்பல்லோ சொல்கிறார். பலியிடுபவரைச் சுற்றிக் கத்தியோடு நின்று ஆளாளுக்கு அறுத்துக்கொண்டு போவார்கள், பலி கொடுத்தவர் வெறுங்கையோடு நிற்பார் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு. அதைக் கேலி செய்ததற்காகத்தான் ஈசாப்பைக் கொன்றார்கள் என்பது அந்த ஊரைப் பற்றிய இன்னொரு கதை.

கொலையாளிக்கு மக்கைரியஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று தனியாகத் தேட வேண்டாம். பலிக் கத்திக்குக் கிரேக்கத்தில் மக்கைரா என்றுதான் பெயர். இது பிறப்புப் பெயர் அல்ல, தொழில் அடையாளம். இவனை ஒரு தனிமனிதனாக எடுத்துக்கொண்டு நோக்கம் தேடுவது வீண் வேலை. கோவிலின் வெட்டுக்கத்தியே ஆள் வடிவம் எடுத்து நிற்கிறது.

ஒரே கவிஞர், இரண்டு வாக்குமூலம்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டாரின் ஆறாம் பேயான் (பேயான் என்பது ஒரு துதிப்பாட்டு) டெல்ஃபியில் தியோக்ஸெனியா என்ற விழாவில் பாட எழுதப்பட்டது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸில் இருந்து 1908இல் கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் அதைப் பதிப்பித்தார்கள். அதில் அப்பல்லோ ஆணையிடுகிறார்: வீட்டுப் பலிபீடத்தின் மேல் பாய்ந்த கிழவன் பிரியாமைக் கொன்றவன் வீடு திரும்ப மாட்டான், முதுமையும் காண மாட்டான். பிறகு பூமியின் தொப்புள் என்று கருதப்பட்ட டெல்ஃபியில், தம் சொந்த வளாகத்தில், பணியாளர்களோடு உரிமைகளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவனை அவரே கொல்கிறார். எந்த உரிமைகள் என்பதைச் சொல்லும் சொல்லின் வாசிப்பில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை.

பிண்டாரின் ஏழாம் நெமியப் பாட்டு, நெமியா விளையாட்டு வெற்றிகளைப் பாடும் வரிசையைச் சேர்ந்தது, ஏஜினா தீவுச் சிறுவன் சோஜெனிஸின் ஐம்போட்டி வெற்றிக்குப் பாடியது. ஏஜினாவினர் தங்களை ஐயாக்கஸின் வழி என்று கருதியவர்கள். ஐயாக்கஸ் மகன் பீலியஸ், அவன் மகன் அக்கிலீஸ், அவன் மகன் நியோப்டோலெமஸ். அதாவது இறந்தவன் அவர்கள் வீட்டுப் பையன். இந்தப் பாட்டில் அவன் டிராயிலிருந்து கொண்டுவந்த செல்வத்தில் முதற்பங்கைச் செலுத்த வருகிறான். இறைச்சி குறித்து மூண்ட சண்டையில் ஒருவன் கத்தியால் வெட்டிவிடுகிறான். விருந்தோம்பிய டெல்ஃபியினர் மிகவும் வருந்துகிறார்கள். ஆனால் அது விதி: ஐயாக்கஸ் குலத்தவருள் ஒருவர் அந்தப் பழைய தோப்புக்குள் கோவிலருகே தங்கி, பலி ஊர்வலங்களை மேற்பார்க்க வேண்டியிருந்தது. பாட்டு முடியும் இடத்தில் பிண்டார், நியோப்டோலெமஸைக் கடுஞ்சொற்களால் இழுத்துப்போட்டதாகத் தம் மனம் ஒருபோதும் ஒப்பாது என்கிறார்.

முதல் பாட்டால் கோபமடைந்த ஏஜினாவினரைச் சமாதானம் செய்யவே இரண்டாம் பாட்டு எழுதப்பட்டது என்கிறார்கள் பழைய உரைகாரர்கள். இருக்கலாம். ஆனால் அந்த உரைகாரர்களும் நம்மைப் போலப் பாட்டைப் படித்து ஊகித்தவர்கள்தான். அதை நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்குக்குப் பயன்படுவது வேறொன்று. இரண்டு பாட்டிலும் இடம் ஒன்று, சண்டையின் வகை ஒன்று, சாவும் ஒன்று. மாறியது கொன்றவரின் பெயரும், கேட்பவர் மனத்தில் யார் மேல் பழி விழ வேண்டும் என்பதும்தான். அப்பல்லோவின் ஊரில் அப்பல்லோவின் நீதி. ஏஜினாவில் ஒரு துரதிர்ஷ்டம், அதன் பின்னே ஒரு கௌரவம்.

நாடக மேடையின் சாட்சி

நடந்ததை நிமிடத்துக்கு நிமிடம் விவரிப்பது யூரிபிடிஸ் கி.மு. 425 வாக்கில் எழுதிய ‘அந்த்ரோமகி’ மட்டுமே. இதில் நியோப்டோலெமஸ் உயிரோடு மேடைக்கே வருவதில்லை. அவனோடு போன ஊழியன் ஓடிவந்து சொல்கிறான், ஆகவே இது எஜமானன் பக்கச் சாட்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

முன்பொருமுறை அவன் டெல்ஃபிக்குப் போய், தன் தகப்பனைக் கொன்றதற்கு நியாயம் சொல் என்று அப்பல்லோவையே கேட்டிருந்தான். அக்கிலீஸைச் சாய்த்தது டிராய் இளவரசன் பாரிஸின் அம்பு, எய்ய வைத்தது அப்பல்லோ. இந்தமுறை போனது அந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்க. மூன்று நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் ஓரெஸ்டெஸ், ‘இவன் கோவிலைச் சூறையாடத்தான் திரும்ப வந்திருக்கிறான்’ என்று ஒவ்வொருவர் காதிலும் ஓதுகிறான். ஊர் அதிகாரிகள் காவல் போடுகிறார்கள். நியோப்டோலெமஸ் ஆடுகளோடும் உள்ளூர்ப் பிரதிநிதிகளோடும் முறைப்படி வருகிறான். எல்லாரும் பார்க்க நின்று வேண்டிக்கொண்டிருக்கும்போது லாரல் இலை மறைவில் இருந்து வாள்கள் பாய்கின்றன.

முதல் குத்து உயிர்நிலையில் படவில்லை. பின்வாங்கியபடி தூண் முளையில் தொங்கிய கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டு பலிபீடத்தின் மேல் ஏறி நிற்கிறான். நல்ல நோக்கத்தோடு வந்தவனை ஏன் கொல்கிறீர்கள் என்று கத்துகிறான். பதிலுக்குக் கல், அம்பு, ஈட்டி, இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பி. பலிக்கருவிகளே ஆயுதமாகும் இந்த இடத்தில் பிண்டாரின் இறைச்சிச் சண்டை எட்டிப் பார்க்கிறது. டிராயில் பேர்போன தன் பாய்ச்சலால் அவன் கூட்டத்துக்குள் குதிக்கிறான், அவர்கள் சிதறி ஓடுகிறார்கள். அவன் தப்பித்துவிடும் தறுவாயில் கருவறையிலிருந்து பயங்கரமான ஒரு குரல் எழுந்து ஓடியவர்களைத் திருப்புகிறது. ஒரு டெல்ஃபிக்காரனின் வாள் அவனை வீழ்த்துகிறது, பிறகு ஆளாளுக்கு வெட்டுகிறார்கள். உலகுக்கே நீதி சொல்லும் கடவுள் ஒரு கெட்ட மனிதனைப் போலப் பழைய சண்டையை நினைவில் வைத்திருந்தார் என்று ஊழியன் முடிக்கிறான்.

நுணுகிப் பார்த்தால் ஓரெஸ்டெஸின் கையில் ரத்தக்கறை இல்லை. அவன் தூண்டியவன், அவ்வளவே. திருப்பிவிட்டது கடவுளின் குரல், வெட்டியது டெல்ஃபிக்காரன். ஹெர்மியோனியை முதலில் தனக்குத் தருவதாகச் சொல்லி, பின் டிராயைப் பிடிப்பதற்கான கூலியாக நியோப்டோலெமஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவனது குறை. மேடையில் அவன் ஹெர்மியோனியை அழைத்துப்போன கொஞ்ச நேரத்திலேயே சாவுச் செய்தி வந்துவிடுகிறது. அவனை எப்படி டெல்ஃபியில் நிறுத்துவது என்று உரைகாரர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பழைய கதைக்குள் புது ஆளைச் செருகியதன் விளைவு அது.

அதே யூரிபிடிஸ் கி.மு. 408இல் ‘ஓரெஸ்டெஸ்’ நாடகத்தின் முடிவில் அப்பல்லோவை வரவழைத்து வேறொன்று சொல்ல வைக்கிறார்: நியோப்டோலெமஸ் ஹெர்மியோனியை மணக்கவே போவதில்லை, தகப்பனுக்காக என்னிடம் நியாயம் கேட்டு வந்து டெல்ஃபி வாளால் சாவான். மனைவி, மன்னிப்பு, சதி மூன்றும் காணாமல் போயின. டெல்ஃபி வாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓரெஸ்டெஸே நேரடிக் கொலையாளி என்ற வடிவம் அப்பல்லோடோரஸ் தொகுப்பில் ஒரு கட்சியாக வருகிறது. கொள்ளையடித்துத் தீ வைக்க வந்தவனை மக்கைரியஸ் கொன்றான் என்பது அங்கேயே எதிர்க்கட்சி. லத்தீனில் வெர்ஜில் ஓரெஸ்டெஸையே எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய மொழிகள் இந்தக் கதையை பெரும்பாலும் வெர்ஜில் வழியாகக் கற்றதால்தான் ‘காதல் போட்டியில் கொலை’ என்ற விளக்கம் இன்று முன்னால் நிற்கிறது. சாட்சிகளின் வயதைப் பார்த்தால் அதற்குக் கடைசி வரிசைதான்.

பிரியாமின் பலிபீடம்

டிராயில் அவன் செய்தது என்ன என்பதிலும் இதே கதைதான். ஆர்க்டினஸ் பாடியதாகச் சொல்லப்படும் காவியத்தில் வீட்டு முற்றத்தின் காவலரான ஸீயஸ் ஹெர்கெயோஸின் பலிபீடத்தில் தஞ்சம் புகுந்த பிரியாமை அங்கேயே கொல்கிறான். குழந்தை அஸ்தியானக்ஸைக் கொல்வது ஒடிசியஸ். லெஸ்கெஸின் ‘சிறிய இலிய’த்தில் நேர்மாறு. பிரியாமைப் பீடத்திலிருந்து இழுத்து வாசலில் கொல்கிறான். குழந்தையைத் தாதியின் மடியிலிருந்து பிடுங்கி, காலைப் பிடித்துக் கோபுரத்திலிருந்து வீசுகிறான், அதுவும் படை முடிவு செய்யாமல், தானாகவே. ஏதென்ஸ் குயவர்கள் இரண்டையும் ஒரே காட்சியாக்கினார்கள்: சில சாடிகளில் குழந்தையின் உடலையே ஆயுதமாக ஓங்கிப் பிரியாமை அடிக்கிறான். நேப்பிள்ஸில் இருக்கும், கி.மு. 480 வாக்கில் கிளியோஃப்ராடிஸ் ஓவியர் தீட்டிய குடத்தில் பிரியாம் பீடத்தின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மடியில் பேரனின் பிணம்.

பலிபீடத்தில் கொன்றவன் பலிபீடத்திலேயே செத்தான் என்ற பொருத்தம் பிற்காலத்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. செய்த வினை அதே வடிவில் திரும்புவதற்கு ‘நியோப்டோலெமஸ் தண்டனை’ என்றே பெயர் இருந்ததாகப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எழுதுகிறார். பொருத்தம் அழகானது என்பதாலேயே அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிரியாம் வாசலில் செத்ததாகச் சொன்ன லெஸ்கெஸின் வடிவத்தில் அந்தக் கணக்கு நேராகாது. ஏழாம் நெமியப் பாட்டிலும் பிரியாமின் சாவு பேச்சே இல்லை.

கல்லறை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியாஸ் டெல்ஃபிக்குப் போனபோது கோவிலுக்குள் ஓர் அடுப்பைக் காட்டி, அப்பல்லோவின் பூசாரி நியோப்டோலெமஸைக் கொன்றது இதன் மேல்தான் என்றார்கள். அந்தக் கட்டடம் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு முந்தைய கோவில் கி.மு. 373இல் இடிந்தது, அதற்கும் முந்தையது கி.மு. 548இல் எரிந்தது. அடுப்பு காட்டியவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை.

கோவிலைவிட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் மதில் சூழ்ந்த ஓரிடத்தில் நியோப்டோலெமஸின் கல்லறை; டெல்ஃபியினர் ஆண்டுதோறும் வீரனுக்குரிய பலி கொடுக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். கால் (Gaul) இனத்தவரின் படையெடுப்புக்கு முன்பு, அதாவது கி.மு. 279க்கு முன்பு, பகைவன் கல்லறை என்று அதை யாரும் மதிக்கவில்லையாம். அந்தப் போரில் ஆவியாக வந்து எதிரியை விரட்டியவர்களுள் பிர்ரஸும் ஒருவன் என்பதால் பிறகுதான் மரியாதை தொடங்கியதாம்.

இது நிற்காது. பலி ஊர்வலங்களை மேற்பார்க்கிறான் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிண்டார் பாடிவிட்டார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கினிடஸ் நகரத்தார் டெல்ஃபியில் கட்டிய மண்டபத்தில் பாலிக்னோட்டஸ் தீட்டிய டிராய் வீழ்ச்சிச் சித்திரத்தில், மற்ற கிரேக்கர்கள் ஓய்ந்துவிட நியோப்டோலெமஸ் மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தான். படம் அவன் கல்லறைக்கு மேலே அமைய இருந்ததே அதற்குக் காரணம் என்று சொல்பவர் அதே பௌசானியாஸ். கி.மு. 279இல் எபிரஸின் மன்னர் பிர்ரஸ், அக்கிலீஸின் வம்சம் என்று பெருமை பேசியவர், இத்தாலியில் ரோமரோடு போரிட்டுக்கொண்டிருந்தார். கல்லறைக்குள் கிடந்தவனின் இரண்டு பெயர்களுள் ஆவிக்கு எது வாய்த்தது என்பதைக் கவனிக்கலாம். அந்த ஆண்டில் தொடங்கியது வழிபாடு அல்ல, வழிபாட்டுக்கான புது விளக்கம்.

வீரனைக் கொன்ற கடவுளின் வளாகத்திலேயே அந்த வீரனுக்குக் கல்லறை இருப்பது முரணாகத் தோன்றலாம். கிரேக்க வழிபாட்டில் அது வழக்கத்துக்கு மாறானதல்ல. ஸ்பார்ட்டாவுக்கு அருகே அமிக்லேயில் அப்பல்லோ எறிந்த வட்டு பட்டுச் செத்த ஹயசிந்தஸின் கல்லறை அப்பல்லோ சிலையின் பீடமாகவே இருந்தது, அவனுக்குத்தான் முதல் பலி. கதையில் பகை, சடங்கில் பக்கத்து இடம். டெல்ஃபியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், பலியிட வந்தவனே பலியாகி அந்தப் பலிகளுக்குக் காவலனான கதை சடங்குக்குப் பொருந்தி நிற்கிறது. கொள்ளை, மன்னிப்பு, பெண் எல்லாம் அதன் மேல் பூசியவை.

வாரிசுகள் எடுத்துக்கொண்ட பொறுப்பு

எபிரஸின் மொலோசிய அரச குடும்பம் நியோப்டோலெமஸுக்கும், ஹெக்டரின் விதவையாகி அவனிடம் சிறைப்பட்ட அந்த்ரோமகிக்கும் பிறந்தவர்களின் வழி என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் அந்தக் குடும்பத்துப் பெண்; அவர் தந்தையின் பெயரும் நியோப்டோலெமஸ்தான். கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்ததும் அலெக்சாண்டர் டிராய் இருந்த இடமான இலியோனில் ஸீயஸ் ஹெர்கெயோஸ் பலிபீடத்தில் பிரியாமுக்குப் பலி கொடுத்தார். நியோப்டோலெமஸின் வம்சத்தின் மேல் பிரியாமுக்குக் கோபம் இருக்கக் கூடாது என்பதற்காக என்று அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அரியன் சொல்கிறார். லெஸ்கெஸ் சொன்ன வாசற்படி அந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. கொலை பீடத்தில்தான் என்ற வடிவமே சடங்குக்கு ஏற்றதாக இருந்தது.

இன்று தரையில் இருப்பது

கோவிலின் வாசல் கிழக்கே. வெளியே வந்து இடப்பக்கம் என்றால் வடக்கு. ஆகக் கல்லறையைத் தேட வேண்டியது கோவிலின் வடகிழக்கில். 1892இல் தொடங்கிய பிரெஞ்சு அகழாய்வுகள் அங்கே ஒரு சுற்றுச்சுவரைக் கண்டு அதற்கு நியோப்டோலெமஸின் பெயரையும் வைத்தன, ஆனால் பெயர் பொறித்த கல் எதுவும் அதோடு வரவில்லை; அடையாளம் பௌசானியாஸின் வழிகாட்டலை மட்டுமே நம்பி நிற்கிறது. கோவிலின் வடகிழக்குப் பகுதியில் மைசீனியக் காலக் குடியிருப்பின் எச்சங்கள் கிடைத்திருப்பதை வைத்து, கல்லறையும் அந்தக் காலத்தது என்று முடிவு கட்ட முடியாது. அதைவிட உறுதியான துணைச்சாட்சி பக்கத்தில் இருக்கிறது. கி.மு. 330களில் தெசலியின் தலைவர் டவோக்கஸ் தம் முன்னோர் சிலைகளை வரிசையாக நிறுத்தியது அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான். அக்கிலீஸின் ஃப்தியா தெசலியைச் சேர்ந்தது. குலப்பெருமை காட்ட நினைத்த ஒரு தெசலியர், டெல்ஃபியில் தம் ஊர்க்காரனின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தைத் தேர்ந்துகொள்வது இயல்பு.